இடுப்பில் மூன்று அங்குலம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள் பெரியவள். "என் சமையல் உனக்கு அவ்வளவு கசக்குதா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார் அவள் வீட்டுக்காரர், சமையல் மாஸ்டர். இன்று புதன்கிழமை. அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே வீட்டுக்குள், குளியலறைக் கதவுக்கு முன்னால் எதிரெதிரே வந்துவிட்டால், 'நீ முதல்ல போ' என்று கையால் சைகை காட்டிக்கொள்கிறார்கள்.

சின்னவளுக்கு இதெல்லாம் தெரியும். அக்காவும் மாமாவும் இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ முறை பேசாமல் இருந்து பேசியிருக்கிறார்கள். தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு அவள் வேலையே தலைக்கு மேல் கிடந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பல் டாக்டருக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் அவளுடைய தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, ஓர் ஆளுயரக் கண்ணாடி. காலை ஏழே காலுக்கு ஷட்டரை முக்கால்வாசிதான் தூக்கியிருப்பாள், அதற்குள் பெரியவள் குனிந்து நுழைந்துவிட்டாள். கையில் மடித்த யூனிஃபார்ம் பேன்ட். பெரியவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.

"குட்டி, இதைக் கொஞ்சம் பிரிச்சு விடு. ஒன்பது மணி டிரிப்புக்கு வேணும்."

நாற்பத்தைந்து வயதிலும் அக்காவுக்கு அவள் குட்டிதான்.

"மறுபடியுமா? போன மாசம்தானே விட்டுக் குடுத்தேன்?"

"துணி சுருங்குது."

"டெரிகாட்டன் சுருங்குதுன்னு என்கிட்டயே சொல்றியா?"

பேன்டை உட்பக்கம் திருப்பிப் பார்த்தாள் சின்னவள். பிரித்துவிட இனித் துணியே இல்லை. உள்ளே மடித்து வைத்திருந்ததையெல்லாம் இரண்டு தடவையாக விட்டாயிற்று. ஒட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு அளவு வேண்டும்.

"இப்படி வா. நில்லு."

டேப்பை இடுப்பில் சுற்றினாள். முப்பத்தேழு. அளவு நோட்டை எடுத்துப் புரட்டினாள். நாலு மாதத்துக்கு முன் முப்பத்து நான்கு. மூன்று அங்குலம். சரி, வயசானால் வயிறு வைக்காதா என்ன. கைப்பழக்கத்தில் அப்படியே புஜத்தையும் அளந்தாள். பதிமூன்று இருந்த இடத்தில் பன்னிரண்டுகூட வரவில்லை. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலேயே துருத்திக்கொண்டு தெரிந்தது.

சின்னவள் டேப்பைக் கீழே வைக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக மனிதர்கள் பெருப்பதையும் இளைப்பதையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்து வருகிறவள் அவள். பெருக்கிறவர்களுக்குக் கழுத்து பெருக்கும், கை பெருக்கும், முதுகில் மடிப்பு விழும். மற்ற இடமெல்லாம் வற்றிப்போய் வயிறு மட்டும் முன்னால் வருவதை அவள் பார்த்ததில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக்கூடக் கன்னம் பூரிக்கும். இங்கே கன்னம் ஒட்டிக் கிடந்தது.

"என்னடி முறைச்சுப் பாக்குறே? மாசமா இருக்கேன்னு சொல்லப்போறியா? அம்பத்துமூணு வயசுல பெத்தா பேப்பர்ல போட்டோ வரும். உங்க மாமாவைத் தலைக்குச் சாயம் பூசிக்கச் சொல்லு."

"விளையாடாதே அக்கா. வயிறு கல்லு மாதிரி இருக்கு. வலிக்குதா?"

"கேஸ். முனையில இருக்கிற கிளினிக்ல மாத்திரை குடுத்திருக்காங்க. போட்டா கேக்குது."

"கேக்குதுன்னா ஏன் இன்னும் உப்பிக்கிட்டே இருக்கு?"

பெரியவள் கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல், வெளியே சலவைக் கடைக்காரர் துணி மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னவள் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினாள். அவள் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்டி. இதைக் குடிச்சா வண்டியை நடுவழியில நிறுத்தணும்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சின்னவளும் சாதாரணமாகத்தான் காதில் வாங்கினாள். பின்பக்கம் ஒரு முக்கோண ஒட்டும் எலாஸ்டிக்கும் வைத்து, எட்டரைக்குப் பேன்டைக் கொடுத்து அனுப்பினாள்.

ஆனால் அதற்குப் பிறகு கையில் வேலை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஊசியைக் குத்திவைத்துவிட்டு மாஸ்டருக்கு ஃபோன் போட்டாள். அவர் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் அரை மணி நேரம்தான் அவருக்கு மூச்சு விட நேரம்.

"சொல்லும்மா. உங்க அக்கா தூது அனுப்பியிருக்காளா?"

"இல்ல மாமா. அவ எத்தனை நாளா சரியா சாப்பிடறதில்ல?"

"ஓ, அதுக்கும் நான்தான் காரணமா?" மாஸ்டரின் குரல் ஏறியது. "எண்ணூறு பேருக்குச் சமைக்கிறேன். ஒருத்தன் தட்டுல மிச்சம் வைக்கிறதில்ல. வீட்டுக்கு வந்து இவளுக்குப் பிடிச்சதா பார்த்துப் பார்த்துச் செஞ்சா, நாலு வாய். நாலே வாய். 'போதும், வயிறு நிறைஞ்சுடுச்சு'ங்கறா. சூப் வெச்சேன், பாதிக் கிண்ணம். முட்டையா? பாதி முட்டை. ரெண்டு மூணு மாசமா இதே கதை. என் மேல ஏதாவது கோபம்னா வாயைத் திறந்து சொல்லலாம்ல? தட்டுல காட்டணுமா?"

"கோபத்துல சாப்பிடாதவங்க வெளியில ஏதாவது வாங்கிச் சாப்பிடுவாங்க மாமா. அவ சாப்பிடறாளா?"

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தது கேட்டது. அதற்குப் பிறகு, பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் மட்டும்.

"இல்ல," என்றார். "இல்லம்மா. அவ பைக்குள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கு. ஒரு வாரமா பிரிக்காம அப்படியே இருக்கு."

"கை பன்னெண்டு அங்குலம்கூட இல்ல மாமா. வயிறு முப்பத்தேழு."

"என்னம்மா சொல்றே?"

"எனக்கே தெரியல. மனசு சரியில்ல. அதான் கேட்டேன்."

பன்னிரண்டேகாலுக்கு மறுபடி ஃபோன் அடித்தது. தெரியாத எண். டிப்போவிலிருந்து கன்ட்ரோலர் அம்மா பேசினாள்.

"நீங்கதான் டெய்லர் தங்கச்சியா? அவங்க வீட்டுக்காரருக்குப் போட்டேன், எடுக்கல. பதறாதீங்க, ஆக்சிடென்ட் எதுவும் இல்ல. ஆனா நீங்க கொஞ்சம் வந்துட்டுப் போனா நல்லது."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள் சின்னவள். கடைக்கு ஷட்டர் இழுத்தோமா இல்லையா என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. இழுத்திருந்தாள்.

நடந்தது இதுதான். நாற்பது பயணிகளோடு போய்க்கொண்டிருந்த பேருந்தை ஒரு பெட்ரோல் பங்க் முன்னால் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிக் கழிப்பறைக்கு ஓடியிருக்கிறாள் பெரியவள். திரும்பி வர எட்டு நிமிஷம். அதற்குள் ஒருவர் அதைப் படம் எடுத்துப் புகாரோடு அனுப்பிவிட்டார். 'டிரைவர் வண்டியை விட்டு ஓட்டம்.'

"இந்த மாசத்துல மூணாவது தடவை," என்றாள் கன்ட்ரோலர் அம்மா, குரலைத் தாழ்த்தி. "முன்ன ரெண்டையும் நான் மேல அனுப்பாம அமுக்கிட்டேன். பதினெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு கீறல்கூட இல்லாத கை அது. காலையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. ஆனாலும் அடக்க முடியல அவங்களால. டாக்டர் சீட்டு இல்லாம இனி நான் வண்டி குடுக்க மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா முறைக்கிறாங்க."

ஓய்வறையில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள் பெரியவள். எலாஸ்டிக் வைத்தும் பேன்டின் கொக்கியைக் கழற்றிவிட்டு, சட்டையை மேலே இழுத்து மூடியிருந்தாள்.

"உன்னை யாருடி கூப்பிட்டா? கடையைப் பூட்டிட்டு வந்தியா?"

"எழுந்திரு. டாக்டர்கிட்டப் போலாம்."

"யூரின் இன்ஃபெக்‌ஷன்டி. ரெண்டு நாள் மாத்திரை போட்டா..."

"காலையில கேஸ்னே. இப்ப இன்ஃபெக்‌ஷன்ங்கற. மாமாகிட்ட வயிறு நிறைஞ்சுடுச்சுங்கற." சின்னவள் பெஞ்சுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். "இடுப்பு பெருத்தது எனக்கு மட்டும் தெரியும். நீ சாப்பிடாதது மாமாவுக்கு மட்டும் தெரியும். நீ பாத்ரூமுக்கு ஓடறது அந்தக் கன்ட்ரோலர் அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஆளுக்கு ஒண்ணைக் காட்டிட்டு, முழுசை யார்கிட்டயும் காட்டாம வெச்சிருக்கே நீ. அம்பது வயசு வரைக்கும் கல்லைத் தின்னாலும் செரிச்ச உடம்பு. இப்ப புதுசா எங்கேர்ந்து வந்துச்சு கேஸ்?"

பெரியவளின் உதடு லேசாக நடுங்கியது. பேருந்து ஓட்டுகிறவளின் உதடு அப்படி நடுங்கி சின்னவள் பார்த்தது அம்மா இறந்தபோது ஒருமுறைதான்.

"சரி. வண்டியை எடு," என்றாள் பெரியவள்.

பெண்களுக்கான மருத்துவரின் அறை மூன்றாவது மாடியில். டாக்டர் அம்மாவுக்குச் சின்னவளின் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார். அதுவே சின்னவளுக்குப் பாதி நிம்மதியாக இருந்தது.

"வயிறு உப்பிசம் எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா," என்றாள் பெரியவள்.

"நாலு மாசமா," என்றாள் சின்னவள். "என்கிட்ட தேதி போட்ட அளவு இருக்கு டாக்டர்."

டாக்டர் லேசாகச் சிரித்தார். "நல்ல தங்கச்சி. மாசத்துல எத்தனை நாள் இப்படி இருக்கும்? வந்து வந்து போகுதா?"

"முதல்ல போகும். இப்ப போறதில்ல. தினமும்தான்."

"கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைஞ்சுடுதா? அடிவயித்துல வலி? அடிக்கடி பாத்ரூம்? ம்... பீரியட்ஸ் நின்னு?"

"மூணு வருஷம். இடுப்புல வலி இருக்கு. சீட்ல உக்கார்ந்தே இருக்கிறதாலன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. தனித்தனியா எடுத்தா ஒவ்வொண்ணும் சாதாரணம்தான். எனக்கே உப்பிசம் வரும். ஆனா இது எல்லாம் புதுசா வந்து, போகாம, மாசத்துல பன்னெண்டு நாளுக்கு மேல நிக்குதுன்னா, அதுவும் அம்பது தாண்டினவங்களுக்குன்னா, கேஸ்னு நான் விடமாட்டேன். சினைப்பையைப் பார்த்துடணும்."

படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் கை நின்றது. இன்னொரு தடவை அழுத்தினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து எழுதினார். ரத்தம் ஒன்று, ஸ்கேன் ஒன்று. ரத்தத்தின் முடிவு நாளைதான் வரும். ஸ்கேன் கீழ் மாடியிலேயே, இன்றே எடுத்துவிடலாம்.

"ஸ்கேனுக்கு ஒரு லிட்டர் தண்ணி குடிக்கணும். எடுத்து முடிக்கிற வரைக்கும் பாத்ரூம் போகக் கூடாது."

"இதைத்தானே டாக்டர் நாலு மாசமா பண்ண முடியாம தவிக்கிறேன்," என்றாள் பெரியவள். மூவரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள் பெரியவள். பிடி இறுகிக்கொண்டே போனது. ஸ்கேன் எடுத்த பெண் முதலில் வானிலை பற்றியெல்லாம் பேசினாள். கருவியை இடது பக்கம் நகர்த்தியதும் பேச்சு நின்றது. கிளிக், கிளிக் என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். சின்னவள் திரையைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் காட்டக் கூடாது என்று பழகிய முகம்.

ஐந்து மணிக்கு மறுபடி மூன்றாவது மாடி. வெளியே காத்திருக்கும்போது மாஸ்டருக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தாள் சின்னவள்: எங்கே இருக்கிறோம், உடனே வாங்க.

டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார்.

"இடது சினைப்பையில ஒரு கட்டி இருக்கு. ஏழு சென்டிமீட்டர். வயித்துக்குள்ள கொஞ்சம் நீரும் சேர்ந்திருக்கு. அதான் உப்பிசம். கட்டி சிறுநீர்ப்பையை அழுத்துறதாலதான் அடிக்கடி ஓட்டம்."

"கேன்சரா?" என்று நேராகவே கேட்டாள் பெரியவள்.

"அதை இந்தப் படத்தை வெச்சு நான் சொல்லக் கூடாது. இல்லன்னும் சொல்ல மாட்டேன். இதுக்குன்னே இருக்கிற சர்ஜன் பார்க்கணும், தள்ளிப்போடாம. இன்னும் முன்னாடி வந்திருக்கலாம். இன்னும் தள்ளாம வந்தீங்களே, அது நல்லது." பேனாவைத் திறந்தார். "குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி? அம்மாவுக்கு?"

"அம்மாவுக்குக் குடல் புண் டாக்டர்," என்றாள் சின்னவள். "பத்தொன்பது வருஷம் ஆச்சு."

பெரியவள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. நான் அந்த சர்ஜன்கிட்டப் பேசி நேரம் வாங்கிட்டு வர்றேன்," என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனார் டாக்டர்.

கதவு சாத்தியது. சின்னவள் அக்காவின் கையைத் தேடிப் பிடித்தாள். 

"பயப்படாதே அக்கா. என்ன ஆனாலும்..."

"அம்மாவுக்குக் குடல் புண் இல்ல, குட்டி."

"என்ன?"

"இதேதான். சினைப்பையில. டாக்டர் சொன்னப்ப ரூம்ல அப்பாவும் நானும்தான் இருந்தோம்." பெரியவள் மூச்சு வாங்கினாள். "நீ எட்டு மாசம். உனக்கு பிரஷர் வேற. சொன்னா ரெண்டு உசுருக்கும் ஆகாதுன்னு அப்பா குடல் புண்ணுன்னு சொல்லிட்டார். குழந்தை பொறந்ததும் சொல்லிடலாம்னு நெனச்சேன். பொறந்த பன்னெண்டாம் நாள் அம்மா போயிட்டா. அப்புறம் எப்படிடி சொல்றது? பால் குடுத்துட்டு உக்கார்ந்திருந்தே. ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம், 'ஏன் முன்னாடியே சொல்லல'ன்னு நீ கேப்பியேங்கற பயமே பெருசாயிடுச்சு. அப்பாவும் போயிட்டார். எனக்கு மட்டும்தான் தெரியும்னு ஆயிடுச்சு."

சின்னவள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

"அப்போ இது... உனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியுமா?"

"அம்மாவும் இப்படித்தான் தட்டைத் தள்ளுவா. நாலு வாய். ஞாபகம் இருக்கா? நானும் தள்ள ஆரம்பிச்ச அன்னைக்கே அம்மா ஞாபகம் வந்துடுச்சு. மாத்திரையைப் போட்டுப் போட்டு, கேஸ்தான், கேஸ்தான்னு எனக்கே சொல்லிக்கிட்டிருந்தேன். அம்மா போனது அம்பத்துநாலுல. எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்குன்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்டி. பைத்தியக்காரக் கணக்கு."

சின்னவளுக்கு வந்த கோபம் எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் நெஞ்சுக்குள் சுற்றியது. திட்ட வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா அக்கா."

"தெரியும்."

"அவகிட்டேர்ந்தும் சேர்த்துத்தானே மறைச்சே?"

பெரியவள் இப்போதுதான் அழுதாள். சத்தம் வரவில்லை. யூனிஃபார்ம் சட்டையின் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சின்னவள் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் திரும்பி வந்தார். "வெள்ளிக்கிழமை காலையில பத்து மணி. கிடைச்சது பெரிய விஷயம்." இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "ஏதாவது ஞாபகம் வந்ததா?"

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். 

"எங்க அம்மாவுக்கு இருந்தது டாக்டர்," என்றாள் சின்னவள். "இதே நோய். எனக்கே இப்பதான் தெரியும்."

டாக்டர் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுதினார். பிறகு இன்னொரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பரம்பரையா வர்ற வகையான்னு பார்க்க ஒரு தனி ரத்தப் பரிசோதனை இருக்கு. முதல்ல அக்காவுக்குப் பண்ணுவோம். அதுல தெரிஞ்சா அடுத்தது நீங்க. உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தஞ்சு."

"பசங்க?"

"ஒரு பொண்ணு. பத்தொன்பது."

பேனா ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள். பதிலுக்குக் காத்திராமல் திறந்துகொண்டு மாஸ்டர் நின்றார். தலையில் கேன்டீன் தொப்பி அப்படியே இருந்தது. மூன்று மாடியும் படியேறி வந்திருப்பார் போல, மூச்சு இரைத்தது. டாக்டரைப் பார்க்கவில்லை, சின்னவளைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியின் முகத்தை மட்டும் பார்த்தார். மூன்று நாளாகப் பேசாத வாய் தடுமாறியது.

"என்ன... என்ன சொன்னாங்க?"

சின்னவள் எழுந்தாள். இதையும் தான்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். எப்படித் தொடங்குவது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே பெரியவள் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவைச் சாத்திட்டு வந்து உக்காருங்க. நானே சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."